சில்வண்டின் விலை

அண்ணன் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கியதும் கம்ப்யூட்டர் திரை ஒருமுறை துடித்து இருண்டது.

"ஐயோ, அதை ஏண்ணா அணைச்சே?"

"பின்ன? மேசையை நகத்தாம அம்மாவோட பெட்டியை எங்க வைக்கச் சொல்றே, உன் தலையிலயா?" சொன்ன பிறகு அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மேசையின் ஒரு முனையைத் தூக்கி, "பிடிடி," என்றான் இறங்கிய குரலில்.

இளையவள் பிடித்தாள். காலை ஐந்து மணிக்கு மருத்துவமனையில் அம்மாவின் மூச்சு நின்றதிலிருந்து அண்ணன் ஒரு நிமிடம் உட்காரவில்லை. வண்டி, சான்றிதழ், உறவுக்காரர்களின் போன் எல்லாம் அவன் தலையில். அவனிடம் போய், 'இந்தக் கம்ப்யூட்டருக்குள் அம்மா ஓர் ஆளை வேலைக்கு வைத்திருக்கிறாள், சரியாக நாலு பதினேழுக்கு அவன் ஒரு பித்தானுக்கு விலை கேட்க வேண்டும்' என்று எப்படிச் சொல்வது?

அம்மா கோட்டு தைக்கும் ஆலையில் முப்பது வருஷம் பித்தான் தைத்தவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆன்லைன் ஏலத்தில் பழைய கண்ணாடிப் பித்தான்கள் வாங்க ஆரம்பித்தாள். கண்டதை வாங்குகிறவள் இல்லை. எட்டுப் பித்தான்கள் கொண்ட ஒரே ஒரு வரிசை. ஒவ்வொன்றிலும் ஒரு பூச்சி செதுக்கியிருக்கும். எறும்பு, தேனீ, தும்பி என்று ஏழு சேர ஒன்பது வருஷம் ஆயிற்று. எட்டாவது சில்வண்டு. அது இரண்டு தடவை ஏலத்துக்கு வந்தது. இரண்டு தடவையும் ஏலம் முடிய மூன்று நொடி இருக்கும்போது யாரோ விலை கூட்டிக் கேட்டுக் கொத்திக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஆளுக்கு அம்மா குள்ளநரி என்று பெயர் வைத்தாள்.

அப்புறம் ஒருநாள், "அது கையால கேக்கலடி, மிஷின் வச்சுக் கேக்குது," என்று கண்டுபிடித்துச் சொன்னாள். "நாம எது வரைக்கும் போவோம்னு அந்த மிஷின்கிட்ட முன்னாடியே சொல்லிட்டா போதும். வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கும். கடைசி மூணு நொடில எந்திரிச்சுக் கேக்கும். எதிராளி மூச்சு விடறதுக்குள்ள ஏலம் முடிஞ்சிடும். நானும் ஒண்ணு வச்சுக்கிட்டேன்."

"ஏமாத்து வேலை மாதிரி இருக்கேம்மா."

"என்ன ஏமாத்து? முன்னாடியே கேட்டா நம்ம ஆசை வெளிய தெரிஞ்சிடும். ஆசை தெரிஞ்சா விலை ஏறும்."

இளையவள் அன்றைக்குச் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் பார்வையைச் சோதிக்கிறவள் அவள். அம்மா அந்தத் திரையில் என்ன பார்க்கிறாள் என்று எட்டிப் பார்த்ததில்லை.

நேற்று சாயங்காலம் அம்மா மூச்சுக் குழாயை விலக்கிக்கொண்டு, "நாளைக்கு நாலு பதினேழுக்குச் சில்வண்டு முடியுது," என்றாள். "எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன். நீ குறுக்க பூந்து எதையும் தொட்டுத் தொலைக்காதே." பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் கடைசி.

மூன்றரைக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் பெட்டியைச் சுற்றி அக்கம்பக்கத்தார் நின்றார்கள். அண்ணன் எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். "வாயில்லாப்பூச்சிங்க எங்க அம்மா. இது வேணும், அது வேணும்னு ஒருநாள் கேட்டதில்ல. ஒரு புடவைகூட நாமளா பார்த்து எடுத்துக் குடுத்தாத்தான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். இளையவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு ஐந்து. ஓரமாகக் கிடந்த மேசையில் கம்ப்யூட்டர் வயர் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. இத்தனை பேர் நடுவில் அதை எங்கே கொண்டுபோய்ச் செருகுவது? செருகினாலும் அம்மாவின் கடவுச்சொல் யாருக்குத் தெரியும்?

தோளில் கிடந்த பையோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

வாஷிங் மிஷின் மேல் பையை வைத்துவிட்டுத் தன் போனில் ஏலத்தைத் திறந்தாள். எப்போதோ பிள்ளைக்குச் சைக்கிள் வாங்க அந்தத் தளத்தில் ஒரு கணக்குத் தொடங்கியிருந்தாள். படத்தில் கரும்பச்சைக் கண்ணாடி, நக அளவு. அதற்குள் சில்வண்டு தன் மீசையை வளைத்து வைத்திருந்தது. விலை அறுபது டாலரில் நின்றது.

குறுக்கே புகாதே என்றுதான் அம்மா சொன்னாள். ஆனால் வைத்த ஆளை அண்ணன் அணைத்துவிட்டானே. இன்றைக்கும் குள்ளநரி கொண்டுபோனால்?

நாலு பதினைந்துக்கு அவள் எழுபது கேட்டாள். உடனே எழுபத்தைந்து என்று பதில் வந்தது. தொண்ணூறு கேட்டாள். தொண்ணூற்றைந்து.

கதவு தட்டப்பட்டது. "உள்ள என்ன பண்றே? வண்டிக்காரர் கிளம்பணும்ங்கறார்," என்றாள் அண்ணி.

"ரெண்டே நிமிஷம் அண்ணி."

"அழறதுன்னா வெளிய வந்து அழேன். நாங்க இல்லையா?"

"அழல அண்ணி. வர்றேன்."

நாற்பது நொடி. நூற்று இருபது கேட்டாள், நூற்று இருபத்தைந்து வந்தது. உள்ளங்கை வியர்த்து விரல் திரையில் வழுக்கியது. ஒரு பித்தானுக்கு இவ்வளவா என்று நேற்றுவரை கேட்டிருப்பாள். இருபது நொடி இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு இருநூறு கேட்டாள். விலை நூற்று எண்பதுக்கு ஏறி அங்கேயே நின்றது. 'இப்போது முன்னணியில் நீங்கள்.' எதிரி ஓய்ந்துவிட்டான். பதினைந்து. பத்து. ஏழு. "அம்மா, அம்மா," என்று அவள் உதடு தானாக முணுமுணுத்தது.

மூன்று.

'உங்களைவிட அதிக விலை கேட்கப்பட்டுள்ளது.'

பதறி விரலை வைப்பதற்குள் ஏலம் முடிந்திருந்தது. இருநூற்று ஐந்து. வென்றவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறிகள்.

அவள் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து வராத அழுகை, ஒரு பித்தானுக்காக முட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது தடவையும் போயிற்று. இந்தத் தடவை தன் கையால்.

அப்போது பைக்குள் ஏதோ அதிர்ந்தது.

அவள் போன் அவள் கையில்தான் இருந்தது. பையில் மருத்துவமனைக்காரர்கள் உறையில் போட்டுக் கொடுத்த அம்மாவின் பொருட்கள் இருந்தன. மூக்குக்கண்ணாடி, சீப்பு, போன். உறையோடு வெளியே எடுத்தாள். பிளாஸ்டிக்கின் அடியில் திரை வெளிச்சமாக இருந்தது.

'வாழ்த்துகள். கண்ணாடிப் பித்தான், சில்வண்டு. ஏலம் உங்களுக்கே முடிந்தது. இருநூற்று ஐந்து.'

இரண்டு தடவை படித்தாள். பிறகு மெல்லப் புரிந்தது. அம்மா வைத்த ஆள் இந்த வீட்டிலேயே இல்லை. எங்கோ, எந்த ஊரிலோ, யாரும் வயரைப் பிடுங்க முடியாத ஓர் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தான். அம்மாவின் மூச்சு நின்றது அவனுக்குத் தெரியாது. எதிரியை ஓட்டிவிட்டு முன்னால் நின்றது அவள் மகள் என்பதும் தெரியாது. சொன்ன நேரத்துக்கு எழுந்து, சொன்னபடி கேட்டு, மகளையும் தள்ளிவிட்டு எடுத்துக்கொண்டான்.

சிரிப்பா வேறு ஏதாவதா என்று தெரியாத ஒன்று அவள் வாயை இழுத்தது.

இன்னொன்றும் உறைத்தது. தோற்றவர் கேட்டதற்கு ஒரே ஒரு படி மேலேதான் அந்தத் தளம் விலையைக் காட்டும். அவள் இருநூறு கேட்டதால் இருநூற்று ஐந்து. முந்நூறு கேட்டிருந்தால்? ஆயிரம் கேட்டிருந்தால்? அந்த ஆளிடம் அம்மா எது வரை போகச் சொல்லியிருந்தாள்? அந்த எண்ணை இனி ஒருவரும் அறியப்போவதில்லை. அது எவ்வளவு பெரிய எண்ணாகவும் இருக்கலாம்.

"நாலு இருபதாச்சு!" கதவுக்கு வெளியே அண்ணனின் குரல். "உனக்காக எல்லாரும் நிக்கிறாங்கடி."

முகத்தைக் கழுவிக்கொண்டு கதவைத் திறந்தாள். பெட்டியை மூடியிருந்தார்கள். லிஃப்டில் அது நுழையாது என்றார்கள். வண்டிக்காரர்கள் நான்கு பேர், பின்னால் அண்ணனும் அவளுமாகத் தூக்கிப் படியிறங்கினார்கள். முதல் திருப்பத்திலேயே அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. "கொஞ்சம் இறக்குங்க, இறக்குங்க," என்றான். படிக்கட்டு மேடையில் பெட்டியை மெதுவாக வைத்தார்கள்.

அவன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தான். "நாப்பது கிலோகூட இருக்காதேடி அம்மா," என்றான், நம்ப முடியாமல்.

இளையவள் கையை மாற்றி, இன்னும் கொஞ்சம் அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள்.