ஏறியாச்சு

அவனுக்கு சைரன் என்று பெயர் வைத்தவர் அவனுடைய மாமனார்தான். பேரிடர் அலுவலகத்தில் களப்பணியாளன் அவன். ஆற்றோரத்து வீடுகளுக்குப் போய், வெள்ளம் வந்தால் எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும், எந்த வழியாக மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற வேண்டும் என்று தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுவது அவன் வேலை. யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் இலையைப் பார்க்க மாட்டான், மாடிப்படி எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பான். "மாப்பிள்ளை வாயைத் திறந்தா சைரன்தான்" என்று மாமனார் ஒருநாள் சொல்லிவைக்க, அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய் மகள் வீட்டில் இருந்தார். மகள், அதாவது சைரனின் மனைவி, முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள்.

போன் ஒத்திகை சைரனின் சொந்த யோசனை. சொல்லாமல் கொள்ளாமல் போன் வரும். "தண்ணி வருது, மேலே ஏறுங்க" என்பான். வீட்டிலிருப்பவர்கள் வாசலில் மாட்டியிருக்கும் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஏற வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அவனே மறுபடி கூப்பிடுவான். "ஏறியாச்சு" என்று சொல்ல வேண்டும். ஒத்திகைக்கும் நிஜத்துக்கும் ஒரே வாசகம் என்பதில் பிடிவாதமாக இருந்தான். ஒத்திகை என்று தெரிந்தால் ஒருத்தரும் அசைய மாட்டார்கள் என்பான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது.

முதல் தடவை அவன் மனைவி ஒழுங்காகத்தான் ஏறினாள். அப்பாவைக் கைத்தாங்கலாக இழுத்துக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மழையில் நனைந்து போய்ச் சேர்ந்தால் பள்ளிக்கூடக் கதவு பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்த மாமனாருக்கு முழங்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. "உன் புருஷன் ஒத்திகை பார்க்கிறது வெள்ளத்துக்கா, என் சாவுக்கா?" என்று அவர் சிரித்தார். அன்றோடு அவள் ஏறுவதை விட்டுவிட்டாள். போன் வந்தால் மெஷினிலிருந்து எழாமலே "ஏறியாச்சு" என்பாள்.

சைரனுக்கு இது தெரியும். மாலையில் வீட்டுக்கு வந்து, "எங்கே ஏறின, ஸ்டூல் மேலயா?" என்று கேட்பான். அவளும் சிரிப்பாள், அவனும் சிரிப்பான். இதற்குள் அவனுடைய மேலதிகாரியான அலுவலர் அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆட ஆரம்பித்திருந்தார். கூப்பிட்டால் தவறாமல் முதலில் ஏறுகிற வீடு இதுதான் என்று சொல்லி, 'முன்மாதிரி வீடு' என்று பலகை அடித்து வாசல் சுவரில் மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல எவனுக்கு மனது வரும்? சைரனுக்கும் வரவில்லை.

அந்த நாள் வந்தபோது ஊரில் வெயில் சுள்ளென்று அடித்தது. மழை எல்லாம் மேலே மலையில். ஆறு பெருகி வருகிறது என்று தகவல் வந்ததும், சைரன் அலுவலக மேஜையிலிருந்து வீடு வீடாகக் கூப்பிட்டான். தன் வீட்டுக்கும் கூப்பிட்டான். அதே வாசகம். பக்கத்து வீட்டார் பையோடு மேடேறிப் போவதை ஜன்னல் வழியே பார்த்த அவன் மனைவி, இந்த வெயிலிலும் ஒத்திகைக்குப் போகிறார்களே, எவ்வளவு நல்ல ஜனங்கள் என்று நினைத்தாளாம்.

மறுபடி கூப்பிட்டபோது அவள் எடுத்தாள். "ஏறியாச்சு" என்றாள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அவனுக்கு அது நன்றாகவே கேட்டது. இது நிஜம்டீ, எழுந்து ஓடு என்று சொல்ல வாய் திறந்தான். அலுவலர் தோளுக்குப் பக்கத்தில் நின்று, "உங்க வீடு எப்பவும்போல முதல்ல ஏறியாச்சா?" என்றார். சைரன் ஆமாம் என்று தலையாட்டினான். வெளியே போய்த் தனியாக ஒரு போன் போட்டுவிடலாம் என்று நினைத்தான். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று ஆட்கள் லைனில் வந்துகொண்டே இருந்தார்கள். அவன் வெளியே வந்து கூப்பிட்டபோது மணி அடிக்கவே இல்லை.

தண்ணீர் அவர்கள் வீட்டுக்குப் பின்பக்கமாக வந்தது. அவள் மெஷின் மேல் ஏறிப் பரணைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவால் காலைத் தூக்க முடியவில்லை. முடிந்தவரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வடிந்தபோது வீட்டில் பாதிச் சுவர் இல்லை. பலகை மாட்டிய சுவர் மட்டும் ஆடாமல் அசையாமல் நின்றது.

மேட்டில் ஒரு வீட்டுக்கு வாடகைக்குப் போனார்கள். அவள் அவசரப் பைகள் தைக்க ஆரம்பித்தாள். தைத்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று கால் நின்றுவிடும். "நான்தான் அப்பாவைக் கொன்னேன். ஒரு பொய் சொல்லிக் கொன்னேன்" என்பாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவுவான். "உனக்கு எப்படித் தெரியும்? போன்ல கேட்ட எனக்கே தெரியலையே" என்பான். ஆறுதலாகத்தான் சொன்னான். ஒவ்வொரு தடவை சொன்ன பிறகும் அவனுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் ஊர்ப் பொதுக்கூடத்தில் அவன் மறுபடியும் பேச வேண்டியிருந்தது. தைத்த பைகளைக் கொடுக்க அவளும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பேச்சு முடிந்ததும் பால்காரர் எழுந்து, போனில் ஏறியாச்சு என்கிறார்கள், நிஜமாக ஏறினார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார்.

"வார்த்தையை நம்பாதீங்க" என்றான் சைரன். "பின்னாடி என்ன சத்தம் வருதுன்னு காது கொடுத்துக் கேளுங்க. டிவி ஓடுதா, மெஷின் ஓடுதா..."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கடைசி வரிசையில் பைகளை மடித்துக்கொண்டிருந்த கை நின்றிருந்தது.

கூட்டம் கலைந்ததும் அவள் அவனுக்கு முன்னால் நடந்து வீட்டுக்கு வந்தாள். உள்ளே வந்து, விளக்குகூடப் போடாமல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு மெஷின் சத்தம் உங்களுக்குக் கேட்டுதா?"

இப்போதும் பூசி மெழுகியிருக்கலாம். கூட்டத்தில் வாய் தவறிவிட்டது என்றால் அவள் நம்பக்கூடச் செய்வாள்.

"கேட்டுது" என்றான். "ஆபீசர் பக்கத்துல நின்னாரு."

அவள் கத்துவாள், எதையாவது தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்து நின்றான். எறிந்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் மெஷின் சக்கரத்தில் கையை வைத்தாள்.

"நான் பொய் சொன்னேன். அது பொய்யின்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். "ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினதுக்கு, இத்தனை நாளா என்னை மட்டும் தனியா அழ விட்டுட்டீங்களே."