'அன்பு உறவுகள்' குழுவில் கடைசி ஆசை

காலையில் எழும்புவேன். கிணற்றடியில் முகம் கழுவுவேன். கேத்திலை அடுப்பில் வைத்து இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றுவேன். ஒன்று எனக்கு, மற்றது மாமிக்கு. சட்டையை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பிரதேச செயலகத்துக்குப் போவேன். பட்டதாரிகளுக்கு வேலை கொடுத்தோம் என்று அரசாங்கம் சொல்லிக்கொள்வதற்காகப் போட்ட கதிரைகள் அங்கே நிறைய உண்டு. அதில் ஒன்றில் நான் இருக்கிறேன்.

தேத்தண்ணியைக் கொண்டுபோகும் நேரம் மாமி கட்டிலில் சாய்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, 'அன்பு உறவுகள்' குழுவுக்குக் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருப்பார். ரோசாப்பூ, பிள்ளையார், ஆவி பறக்கும் கோப்பை, மூன்றும் ஒரே படத்தில். உடனே சூரிச்சிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கும்பிட்ட கைகள் வரும். ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. இதைத்தான் தொடர்பில் இருப்பது என்கிறார்கள்.

மாமி என் மனைவி கம்சாயினியின் தாய். பெயர் கேதீஸ்வரி. கம்சாயினி போன மாரியில் டெங்குக் காய்ச்சலில் செத்துப்போனாள். செத்த வீட்டைக் குழுவில் உள்ளவர்கள் நேரலையில் பார்த்தார்கள். என் கையிலிருந்த போனில் அவளுடைய முகத்தின் மேலாக இதயங்கள் மிதந்து போயின. அடுத்த நாள் காலை அசையும் சுடருடன் ஒரு மெழுகுதிரி. அதற்கடுத்த நாள் மறுபடியும் ரோசாப்பூ.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுடைய சீதனம். செட்டிபாளையத்து இந்த வீடும் கம்சாயினியின் பெயரில் எழுதியதுதான். அவள் போய்விட்டாள், நான் இருக்கிறேன், விருந்துக்கு வந்து திரும்பிப் போக மறந்தவனைப் போல. என்னைப் போகச் சொல்வதா, இருக்கச் சொல்வதா என்பது குழுவுக்குப் பெரிய கவலை. அதிலும் சூரிச்சில் இருக்கும் உதயரூபனுக்கு. அவர் கம்சாயினியின் அண்ணன். வீட்டுக்கு மாபிள் பதித்தது அவருடைய காசு. ஆகவே வீட்டுக்குள் இருப்பவர்களைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயங்கள் உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை, அலுவலகத்தில் இருக்கும்போது குழுவில் மாமியின் குரல் செய்தி வந்தது. காதில் வைத்துக் கேட்டேன்.

"உதயன், அம்மா பேசுறன். இத ஒருத்தருக்கும் சொல்லிராத மனே. நான் மனசுக்குள்ளயே வெச்சிருந்த. கம்சா கடைசியா என்ட கையப் புடிச்சிச் சொன்னவள். 'அம்மா, அவரத் தனிய உட்டுராதீங்க, தங்கச்சியக் கட்டி வைங்க' எண்டு. அவள்ற கடைசி ஆச மனே. மறுகா உன்ட விருப்பம்."

ஒருத்தருக்கும் சொல்லக்கூடாத செய்தி உலகத்தின் எல்லா மூலைக்கும் போய்விட்டிருந்தது. கேட்டு முடிக்குமுன் அழும் முகங்கள் வரத் தொடங்கின. அழும் முகங்களுக்குப் பின்னால் இதயங்கள். மாமியின் அக்கா, டொரொன்டோவில் இருக்கும் சீதேவிப்பிள்ளைப் பெரியம்மா, படம் செய்யும் ஏதோ ஓர் ஆப்பில் போட்டு மத்தியானத்துக்குள் ஒரு படமே அனுப்பிவிட்டார். நானும் கம்சாயினியின் தங்கை யதுர்ஷிகாவும் மாலையுடன் நிற்கிறோம். மேலே மேகத்தில் கம்சாயினி, அவளிடம் ஒருநாளும் இல்லாத ஒரு பட்டுச் சீலையில், எங்களை ஆசீர்வதிக்கிறாள். ஆசீர்வதிக்கும் கையில் ஒரு விரல் கூடுதலாக இருந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. "என்ன வடிவு" என்று எழுதியிருந்தார்கள்.

பின்னேரம் வந்து மாமியிடம் கேட்டேன்.

"கம்சா எப்ப மாமி அப்பிடிச் சொன்ன?"

"எது மகன்?"

"குழுவில போட்டீங்களே."

"ஐயோ, அது உதயனுக்குப் போட்டது மகன். கை மாறிப் போயிட்டு."

காலை வணக்கம் ஒருநாளும் கை மாறிப் போனதில்லை.

"அவள் அப்பிடிச் சொல்லல்ல மாமி. நானும் பக்கத்திலதான் நிண்ட."

மாமி போனை மடியில் கவிழ்த்து வைத்தார். "சொல்லல்லதான். நேரம் இருந்திருந்தா சொல்லியிருப்பாள்."

"அது பொய்."

"உங்களுக்கென்ன மகன், நாளைக்கே பேக்கத் தூக்கிப் போயிருவீங்க. யதுவும் வெளிநாட்டில ஒருத்தனக் கட்டிப் போயிருவாள். நான் இந்த வீட்டில ஆரோட இரிக்கிற? இதோடயா?" போனைத் தூக்கிக் காட்டினார்.

"உதயன் மச்சான் வருவார்."

"உதயன் படத்தில வருவான்," என்றார் மாமி.

சனிக்கிழமை யதுர்ஷிகா வந்தாள். வந்தாறுமூலையில் கெம்பஸில் கடைசி வருடம். பையைக்கூட உள்ளே வைக்காமல் நேரே குசினி வாசலுக்கு வந்தாள். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அத்தான், அக்கா அப்பிடிச் சொன்னவளா?"

"இல்ல."

"எனக்குத் தெரியும். அவள் எனக்கு ஒரு சல்வார் இரவல் தரவே யோசிக்கிறவள்."

இருவரும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு அண்ணன் எல்லாரையும் சேத்துக் கோல் எடுக்கப் போறாராம். நீங்க ஓம் எண்டு சொன்னா திகதி வெக்கிறாங்களாம். என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல அத்தான். சீதன வீட்டோட சும்மா வாற அலுமாரியா நான்?"

"நீ மாட்டன் எண்டு சொல்லு."

"சொன்னா? செத்தவள்ற ஆசைய மிதிச்சவள் எண்டு காலத்துக்கும் சொல்லுவாங்க. பெரியம்மாட படத்த என்ட றூம் புள்ளைகளே பாத்திட்டுகள். அங்க நிண்டது நீங்களும் அம்மாவும் மட்டும்தான். அம்மா சொல்லிட்டா. நீங்கதான் மிச்சம்."

மீனின் செதிலைத் தட்டிவிட்டேன். சொல்கிறேன் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. நான் கம்சாயினி இறந்த பிறகு யாரிடமும் எதையும் மறுத்ததில்லை. மறுப்பதற்கு ஒன்றைப் பற்றி அக்கறை இருக்க வேண்டும்.

ஞாயிறு பின்னேரம் மாமி புதுச் சீலை உடுத்து, போனைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்து, என்னைப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். யதுர்ஷிகா குசினி நிலையில் சாய்ந்து நின்றாள். ஒவ்வொரு கட்டமாக உறவுகள் தோன்றினார்கள். லண்டனிலிருந்து யாருடையதோ நெற்றி மட்டும் வந்தது. பெரியம்மாவின் கட்டத்தில் மேல்முகடும் ஒரு லைட்டும்.

"அக்கா, போனக் கொஞ்சம் கீழ சரிங்க. உங்கட முகட்டத்தான் பாக்கிறம்."

"ஆரு கா அது பக்கத்தில கறுப்பா?"

"அது மருமகன் அக்கா."

"மெலிஞ்சி போயிட்டார். சாப்பாடு குடுக்கிறல்லயா?"

"அவர்தான் அக்கா எனக்குச் சமைச்சித் தாற."

"பாத்தியா, இப்பிடி ஒரு மருமகன ஆர் உடுவாங்க?" எல்லாக் கட்டங்களும் சிரித்தன.

உதயரூபன் காருக்குள் இருந்து பேசினார். ஒரு சாவுக்கும் வராதவர், ஒரு காரியத்தையும் தவறவிடாதவர். "மச்சான், சுத்தி வளைக்காமக் கேக்கிறன். அம்மா சொன்னத எல்லாரும் கேட்டம். தங்கச்சிட கடைசி ஆச. எங்களுக்கும் சந்தோசம். வீடும் வெளிய போகாது, அம்மாவும் தனிய இரிக்கத் தேவல்ல. நீங்க பக்கத்தில நிண்டனீங்க. உங்கட வாயால ஒருக்காச் சொல்லிருங்க. இவங்க எல்லாரும் கேக்கட்டும்."

"சொல்லுங்க மகன்," என்றார் மாமி. மேசைக்குக் கீழே என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். கை குளிர்ந்திருந்தது. அந்தக் கைக்காக இரங்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. திரையில் யாரோ அதற்குள் ஒரு கட்டைவிரலைப் போட்டார்கள். அது பெரிதாகி மேலே எழும்பி மறைந்தது.

"கம்சா தங்கச்சியப் பத்தி ஒண்டும் சொல்லல்ல," என்றேன்.

பெரியம்மாவின் லைட் மட்டும் ஆடியது.

"என்ன மச்சான் சொல்றீங்க? அப்ப அம்மா பொய்யா சொல்றா?"

"ஓம்."

மாமியின் கை என் முழங்காலிலிருந்து எடுபட்டது.

"ஆசுபத்திரில அவள ஐசியுவுக்குக் கொண்டுபோக ட்ரொலி வந்திச்சி," என்றேன். "மாமி உங்களுக்கு வீடியோ கோல் எடுத்தவ. நீங்க எல்லாரும் இப்பிடித்தான் வந்து வரிசையா நிண்டீங்க. கேக்குதில்ல, கேக்குதில்ல எண்டு கத்தினீங்க. புள்ளையக் கிட்டக் காட்டு எண்டு பெரியம்மா சொன்னா. மாமி போன அவள்ற முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனா. அப்பதான் அவள் பேசினவள். அதுக்குப் பிறகு பேசல்ல."

"வேணாம் மகன்," என்றார் மாமி. மெதுவாகத்தான் சொன்னார்.

யதுர்ஷிகா நிலையை விட்டு நிமிர்ந்து நின்றாள்.

"என்ன சொன்னவள்?" உதயரூபன் கேட்டார்.

அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அம்மா, போனக் கீழ வைங்க. நான் தலையும் சீவி இழுக்கல்ல."