விலைக்கு நின்ற மடி

"பொண்ணு பார்க்கப் போறவன் முகத்தைப் பார்ப்பான், மாடு பார்க்க வர்றவன் மடியைத்தான் பார்ப்பான்" என்பது பால்காரம்மாவுக்கு மாமா முறையான மாட்டுத் தரகரின் வேதம். முந்தின நாள் மத்தியானம் அவர் சொல்லிவிட்டுப் போன யோசனையும் அந்த வேதத்தில் பிறந்ததுதான். விற்கப் போகும் மாட்டைச் சாயங்காலம் கறக்காதே, விடிந்தும் கறக்காதே. ஆறு மணிக்கு மாட்டை வாங்கப் பண்ணைக்காரர் வரும்போது மடி குடம் மாதிரி நிற்க வேண்டும்.

பால்காரம்மா தலையாட்டிவிட்டாள். கணவர் இடுப்பெலும்பு முறிந்து படுத்து ஒரு மாதம். நாலு மாட்டை ஒருத்தியால் கட்டி மேய்க்க முடியாது. அவற்றில் விலை போகக்கூடியது சீமாட்டி ஒன்றுதான்.

நாலு மணிக்கு எழுந்தாள். சாணம் வழித்தாள், தரையைக் கழுவினாள், தவிடு கலந்து வைத்தாள். மூன்று மாடுகளை மடி கழுவித் துடைத்துக் கறந்தாள். அவள் ஒவ்வொரு மாட்டிடமிருந்து எழும்போதும், தன் முறை வந்துவிட்டதென்று சீமாட்டி காலை அகட்டி நின்றது. அவள் தாண்டிப் போனாள். அது தவிட்டைத் தொடவில்லை. காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டி, கழுவின தரையில் வெள்ளையாக ஓடியது.

கொட்டகைக்கும் கணவரின் அறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர்.

"மூணுதானே கறந்தே?"

"நாலும் ஆச்சு. தூங்குங்க."

"எனக்கு இடுப்புதான் உடைஞ்சுது. காது நல்லாத்தான் இருக்கு."

அவள் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

ஆறு போனது, ஆறரை போனது. ஏழு மணிக்கு மாமாவைப் போனில் பிடித்தாள்.

"வந்துட்டே இருக்கோம் கண்ணு. வியாபாரத்துல பொறுமைதான் முதல்."

"அது துடிக்குது மாமா."

"துடிச்சா என்ன? மாடு வாயைத் திறந்து விலையைக் குறைக்கவா போகுது?"

மடியில் கை வைத்தாள். கல்லாக இருந்தது. ஒரு பக்கம் கொதித்தது. ஒருநாளும் உதைக்காத சீமாட்டி உதைத்தது. அவள் வாளியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்று காம்புகள் பீய்ச்சின. நாலாவதில் கொஞ்சம் தண்ணீர், பிறகு திரித்திரியாக ஏதோ வந்தது.

பண்ணைக்காரரோடு உள்ளே நுழைந்த மாமா, தொங்கிக் கிடந்த மடியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைச்சுட்டியே!"

பண்ணைக்காரர் குனிந்து மடியைத் தடவினார். "எத்தனை வேளை விட்டீங்க?"

"ஐயோ, அப்படியெல்லாம்..." என்று மாமா தொடங்கினார்.

"உங்களைக் கேக்கல தரகரே."

"ரெண்டு வேளை" என்றாள் அவள். "ஒரு காம்பு கெட்டுப்போச்சு. நான்தான் கெடுத்தேன்."

"உண்மையைச் சொன்னீங்க. அதுக்கு மரியாதை குடுக்கலாம்மா, விலை குடுக்க முடியாது."

அவர் போனார். மாமாவும் பின்னாலேயே போனார், வழியில் வேறு மாடு காட்டுவதற்கு.

பத்து மணிக்குக் கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டார். மூன்று காம்போடு மாடு பிழைத்துக்கொள்ளும் என்றார்.

"நேத்து சாயங்காலம் கறந்திருந்தா இது வந்திருக்காதா டாக்டர்?"

அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். இன்னொரு தரம் கழுவினார். "உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார். அந்தப் பதிலுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரமே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

கணவரின் கட்டிலருகே போய் நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"எது? பின்பக்கம், வலதா?"

"ஆமா."

"அதுலதான் பால் அதிகம் வரும்."

திட்டினால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. அவள் வாசல்வரை போன பிறகு கூப்பிட்டார்.

"சாயங்காலம் அதை முதல்ல கற. காக்க வைக்காதே."