சிங்கில் போன தொப்புள்கொடி

குழந்தைக்குத் துணி மாற்றும்போதுதான் உலோமா கவனித்தாள். தொப்புளில் ஒட்டிக்கொண்டிருந்த காய்ந்த கொடித்துண்டைக் காணோம். காலையில் இதோ விழுகிறேன் என்று தொங்கிக்கொண்டிருந்தது. படுக்கையை உதறினாள், துவாலையை உதறினாள், தையல் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். அப்புறம்தான் உறைத்தது. இன்று குழந்தையைக் குளிப்பாட்டியவன் அவள் புருஷன் ஒபியோரா. அந்தத் தண்ணீர் எங்கே?

ஓடினாள். சமையலறையில் ஒபியோரா வாளியில் காஸ்டிக் சோடாவைக் கரைத்துச் சிங்கின் மேல் சாய்க்கப் போனான்.

“ஊத்தாத! கீழ வை!”

“ஏன் கத்துற? கை நடுங்கிக் கால்ல ஊத்திக்கப் போறேன்.”

“குளிப்பாட்டின தண்ணிய எங்க கொட்டின?”

“இதுலதான். ஏற்கனவே மெதுவாதான் இறங்கிச்சு. இப்ப சுத்தமா அடைச்சிடுச்சு. அதான் சோடா போடுறேன், அஞ்சு நிமிஷத்துல எல்லாத்தையும் கரைச்சிடும்.”

எல்லாத்தையும்! வாளியைப் பிடுங்கி மூலையில் வைத்தாள்.

சிங்க் அடைக்காமல் என்ன செய்யும்? ஒபியோரா கொல்லையில் ஆடு கட்டியிருந்த வீட்டில் வளர்ந்தவன். மிச்சமான ஏபாவை அங்கே ஆட்டுக்கு வைப்பார்கள். எனுகு நகரத்து இரண்டாம் மாடியில் ஆட்டுக்கு எங்கே போவது? மரவள்ளிக் குருணையில் கிண்டிய அந்தக் களியைச் சட்டியோடு ஊறவைத்துச் சிங்கில் சாய்த்துவிடுவான். உள்ளே போய் அது உப்பும், இறுகும். சொன்னால் சிரிப்பான். ஐயா பெரிய மேதாவி.

“கொடி விழுந்துடுச்சு ஒபியோரா. அந்தத் தண்ணியோட இதுக்குள்ளதான் போயிருக்கு.”

அவன் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு சமாளித்துக்கொண்டான். “சரி, போனது போச்சு. ஆம்பளப் பிள்ளையா இருந்தாச் சுவரையே உடைச்சு எடுப்பேன். இவ நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ. இவகிட்ட யாரு வந்து கேக்கப் போறா?”

யார் கேட்பார்கள் என்றா கேட்கிறான்? உலோமாவின் கொடி அவள் பிறந்த ஆஸ்பத்திரியிலேயே தொலைந்துபோனது. சண்டை முற்றினால் கூடப்பிறந்தவர்களே கேட்பார்கள், உன் கொடி எந்த மண்ணுலடி கிடக்கு என்று. மற்றவர்களுக்கெல்லாம் கொடி புதைத்த இடத்தில் ஒரு தென்னையோ பனையோ நின்றது. எங்கே போனாலும் அது அவர்களுடைய மரம். அவளுக்கு மட்டும் கைநீட்டிக் காட்ட ஒன்றுமில்லை. அந்தக் கேள்வியை இந்தப் பிஞ்சும் கேட்டு வளர வேண்டுமா?

“தள்ளு,” என்றாள்.

சிங்கில் நின்ற தண்ணீரைக் கிண்ணம் கிண்ணமாக மொண்டு, குருணை சலிக்கும் சல்லடையில் ஊற்றினாள். கீரைத்தண்டு, மீன்முள், சோப்பு நுரை. கொடி இல்லை. அடியில் வேறொரு வாளியை வைத்து, அலமாரிக்குள் தலையை நுழைத்து, வளைவுக் குழாயின் மரையைத் திருகினாள். அசையவில்லை. உடுத்தியிருந்த துணியின் முனையைச் சுற்றித் திருகினாள். தையல் பிரிகிறதோ என்னவோ, தொடையில் சூடாக ஏதோ இறங்கியது. கடவுளே, கடவுளே என்று வாய்விட்டு அழுதாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு எபுகா அம்மா வந்து நின்றாள். “என்ன கூத்து இது? பிள்ளை பெத்தவ சிங்குக்கடியில கிடக்கா, பெரிய மனுசன் நட்டுவச்ச கம்பம் மாதிரி நிக்கறார்!”

விஷயத்தைக் கேட்டதும் அவளுடைய கேலி நின்றது. போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு மண்டியிட்டாள். “நீயும் பிடிய்யா! கை என்ன அடகு வச்சிருக்கா?”

ஒபியோரா வெட்கத்தோடு குனிந்து பிடித்தான். மூவர் கையும் சேர்ந்ததும் மரை கிரீச்சென்று சுழன்றது. நாற்றத்தோடு கறுப்புத் தண்ணீர் வாளியில் கொட்டியது. கடைசியில் குழாயின் வடிவத்திலேயே வளைந்து இறுகியிருந்த ஏபா, பொத்தென்று விழுந்தது.

உலோமா அதைத் தரையில் போட்டுப் பிய்த்தாள். கறுப்பாக ஒன்று கிடைத்தது. “இதோ!” என்று ஒபியோரா கத்தினான். கருவாட்டுத் துண்டு. இன்னொன்று, மிளகாய்த் தோல். இனி இல்லை, போய்விட்டது என்று அவளுக்கு உள்ளே எல்லாம் இற்றுப்போனது. ஆனாலும் விரல்கள் பிசைவதை நிறுத்தவில்லை. கையளவே மிச்சமிருந்த களியில் நூல் ஒன்று தட்டுப்பட்டது. நர்ஸ் போட்ட முடிச்சு. முடிச்சுக்குள் கொடி.

நெஞ்சோடு வைத்துக்கொண்டு விம்மினாள். எபுகா அம்மாவும் மூக்கைச் சிந்தினாள்.

“அப்பாடா!” ஒபியோரா கையை நீட்டினான். “குடு, தீப்பெட்டில வைக்கறேன். ஊருக்குப் போறப்பப் புதைச்சிடலாம்.”

“எங்க?”

“எங்கன்னா... வீட்டுலதான்.”

“வீட்டுல எங்க? உங்கண்ணன் பசங்களுக்கு வாசல்ல ஆளுக்கொரு தென்னை நிக்குது. அவர் பொண்ணுங்களோடதைக் கொல்லையில குப்பை கொட்டற வாழைக்கடியில போட்டாங்க. நான் பார்த்தேன். இவளுக்கு எங்க?”

அவன் எபுகா அம்மாவைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“சொல்ல முடியலன்னா எங்கப்பா வீட்டுக்குக் கொண்டுபோறேன். அங்க இவ பேர்ல மரம் நிக்கும். இவ அந்த வீட்டுப் பிள்ளையாவே இருப்பா.”

“ஏய்! என் மானத்த வாங்காத!” தன் பிள்ளையின் கொடி மாமனார் மண்ணில் கிடந்தால் ஊரில் அவன் யார் முகத்தில் விழிப்பான்? “வாசல்லயே வைக்கலாம். என் மரத்துக்குப் பக்கத்துல. போதுமா?”

உலோமா விரல்களைத் திறக்கவில்லை.

“உங்கம்மாவுக்குப் போன் போடு,” என்றாள். “இப்ப சொன்னதை அவங்ககிட்ட சொல்லு. நான் கேக்கணும்.”