பட்டியலில் ஒரே ஒரு மனுஷி

அமெரிக்காவின் கார்ட்டூன் ஊரான பர்பேங்கில் பேய்க்கதை எழுதும் காலம் கிறிஸ்துமஸ். அக்டோபர் கடைசியில் ஒளிபரப்பாகிற கார்ட்டூனுக்கு முந்தைய டிசம்பரிலேயே வசனம் எழுதினால்தான் குரல் பதிந்து, கொரியாவுக்கு அனுப்பிப் படம் வரைந்து வாங்கி, வெட்டி ஒட்டி முடிக்க முடியும். அதனால் அங்குள்ள ஒரு ஸ்டூடியோவின் இரண்டாம் மாடியில், மினுக்மினுக்கென்று எரியும் கிறிஸ்துமஸ் மரத்தடியில் உட்கார்ந்து, யாரை எப்படிக் கொல்லலாம் என்று ஆறு எழுத்தாளர்கள் வாதாடிக்கொண்டிருப்பார்கள். சாலையோர விடுதி நடத்தும் ஹப்பிள் குடும்பத்தைப் பற்றிய நகைச்சுவைத் தொடர் அது. பேய்ப் பண்டிகையான ஹாலோவீனுக்கு வரும் சிறப்புப் பகுதியில் மட்டும் அந்தக் குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் சாகலாம். அடுத்த வாரம் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து வந்து காலைச் சிற்றுண்டி பரிமாறுவார்கள்.

டோரீன் பிக்கெட் அந்த ஆறு பேரில் ஒருத்தி இல்லை. அவர்கள் எழுதியதைத் திரட்டி, பிழை திருத்தி, சுத்தமாகத் தட்டச்சு செய்து எல்லோருக்கும் அனுப்புகிறவள். பதினோரு வருஷமாக இதே வேலை. வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் ஒன்று நடந்து முறிந்தது என்று கேள்வி. அவள் வாயைத் திறந்து எதுவும் சொல்வதில்லை என்பதால் அதற்கு மேல் விவரம் கிடைக்கவில்லை. நமக்குத்தான் நஷ்டம்.

ஹாலோவீன் பகுதியின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் யார் பெயரும் ஒழுங்காக வராது. ஆளுக்கொரு பேய்ப் பட்டம் உண்டு. தலைமை எழுத்தாளர் ஃபெண்டன் லூமிஸ் அடுத்தவர் தயிர் டப்பாவைத் தேடித் தின்பவர். ஆகவே 'ஃப்ரிட்ஜ் பிசாசு லூமிஸ்'. படத்தொகுப்பாளர் ஒடாலிஸ் இருட்டு அறையில் ஓயாமல் தும்முவாள். ஆகவே 'தும்மல் மோகினி ஒடாலிஸ்'. இதில் ஒரு கண்டிப்பான விதி: தனக்குத் தானே பட்டம் வைத்துக்கொள்ளக்கூடாது. காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு செருப்புப் பெட்டி இருக்கும். பிறர் பட்டத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி அதில் போட வேண்டும்.

செப்டம்பரில் அந்தப் பெட்டியைத் திறந்து பட்டியலைத் தட்டச்சு செய்பவள் டோரீன். பதினோரு வருஷத்தில் அவள் பெயருக்கு ஒரு சீட்டுகூட விழுந்ததில்லை. வேறு யாராவது போட்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கலாம். அல்லது நினைக்கவே இல்லாமல் இருந்திருக்கலாம். "எனக்கும் ஒண்ணு வைங்களேன்" என்று கேட்க அவளுக்குக் கூச்சம். கேட்டு வாங்கினால் அது பட்டமா? ஆகவே நாற்பது பேய்களுக்கு நடுவில், ஆண்டுதோறும், வெறும் 'டோரீன் பிக்கெட்'.

இந்த வருஷம் விஷயம் வேறு. சிறப்புப் பகுதிக்கு மூன்று குட்டிக் கதைகள் வேண்டும். மூன்றாவது கதை சப்பென்று போனதில் ஃபெண்டன் வெறுத்துப்போய், "இந்தக் கட்டடத்துல யார்கிட்டயாவது கதை இருக்கா? காவல்காரரைக் கூப்பிடட்டுமா?" என்று கத்த, டோரீன் தன் மேஜை இழுப்பறையிலிருந்து எட்டுப் பக்கம் எடுத்து நீட்டினாள். விடுதியின் ஒன்பதாம் அறையில் செத்துப்போன ஒருவர், தான் செத்ததை யாரும் கவனிக்காததால், நாற்பது வருஷமாகத் தினமும் காலையில் இறங்கி வந்து இலவச வாஃபிள் சாப்பிட்டுப் போகிறார். அதுதான் கதை. எடுத்துக்கொண்டார்கள்.

ஆக, 'எழுதியவர்' என்று அவள் பெயர், பட்டியலில் இருக்கும் அதே வடிவில், கதையின் தொடக்கத்திலேயே வரப்போகிறது. கீழ்வீட்டு ஆர்மீனியக்காரி அராக்சி இதை அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்கச் சொல்லியாயிற்று. டோரீனுக்கோ வேறு கவலை. எழுதிய வருஷத்திலும் மொட்டையாகவே வந்தால், பதினோரு வருஷம் அங்கே யாரோடும் இருக்கவில்லை என்றல்லவா ஆகும்?

செப்டம்பர் வந்தது, பெட்டி வைத்து ஒரு வாரம் ஆயிற்று. டோரீன் ஒரு நாளைக்கு நான்கு முறை காப்பி குடித்தாள். மூடியைத் திறந்து பார்க்கத்தான் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். அப்படி ஒரு காப்பியின்போதுதான் ஃபெண்டன் மடிக்கணினியோடு வந்தார்.

"டோரீன், இதைக் கேளுங்க. இன்டர்நெட் ரசிகர் மன்றத்துல ஒருத்தன் எழுதியிருக்கான். 'அந்தப் பட்டியல்ல நாப்பது பேய், ஒரே ஒரு மனுஷி. டோரீன் பிக்கெட்னு ஒருத்தி கிடையவே கிடையாது. அங்க செத்துப்போன செக்ரட்டரி யாரோ.' இதுக்கு மூணு பக்கம் சண்டை!" விழுந்து விழுந்து சிரித்தார். "சும்மா சொல்லக்கூடாது, எல்லாரும் பேயா நிக்கறப்ப நாம மட்டும் வெறுமனே நிக்கறது. எப்பேர்ப்பட்ட ஐடியா உங்களுது!"

அவளாக வைத்துக்கொண்ட வேடிக்கை என்றே அந்தக் கட்டடம் முழுவதும் நினைத்திருக்கிறது. "ஆமாம்," என்றாள் டோரீன்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பட்டியல் போயாக வேண்டும். இரண்டு மணிக்குப் படத்தொகுப்பு அறையில் அவளுடைய கதை ஓடிக்கொண்டிருந்தது. ஒடாலிஸ் விசைப்பலகையில், ஃபெண்டன் நாற்காலியில், டோரீன் வழக்கம்போல அவர் முதுகுக்குப் பின்னால். திரையில் விடுதிக்காரர் கஸ் ஹப்பிள் முதன்முறையாகத் தலை நிமிர்ந்து, "சார், உங்க பேரு?" என்று கேட்கிறார். பேய், "என் பேரா," என்று சொல்லி நிற்கிறது. பிறகு, "இருங்க, யாரும் கேட்டு ரொம்ப நாளாச்சு" என்கிறது.

"இங்க ரெண்டு செகண்ட் சும்மா நிக்கறான்," என்றார் ஃபெண்டன். "அரை செகண்டாக்கு, ஒடாலிஸ்."

"வேண்டாம்."

ஃபெண்டன் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததே இல்லை.

"என்ன வேண்டாம்?"

"அங்க ஒரு கமா இருக்கு. அந்த கமா அந்த ரெண்டு செகண்டுக்குத்தான்."

"இது காமெடி, டோரீன். ரெண்டு செகண்ட்ல ஜனங்க எழுந்து பாத்ரூம் போயிடுவாங்க."

"போகட்டும். நாப்பது வருஷமா யாரும் கூப்பிடாத பேரு. அரை செகண்ட்ல ஞாபகம் வந்துடுமா?"

"கார்ட்டூன் பேய்க்கு ஞாபகம் எதுக்கு?"

"அவருக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

ஒடாலிஸ் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டாள். ஃபெண்டனுக்கு முகம் சிவந்தது. "பதினோரு வருஷமா நான் வெச்ச கமாவை எல்லாம் ஒண்ணுவிடாம உறிஞ்சிக் குடிச்சே! உன் கமாவை மட்டும் நான் தொடக்கூடாதா? பின்னாடி வந்து நிப்பே, சத்தமே வராது, திரும்பிப் பாத்தா பக்கத்துக்கு நாலு கமா காணாமப் போயிருக்கும்! நீ மனுஷியே இல்ல. கமாக் காட்டேரி!"

ஒடாலிஸ் தும்மியேவிட்டாள், தும்மலோடு சிரிப்பும் வந்தது.

டோரீன் ஒரு சீட்டையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள். "அதை எழுதிக் குடுங்க."

ஃபெண்டனின் சிவப்பு அப்படியே வெளுத்தது. அந்த ஊரில் எழுத்தில் கொடுத்த வசவு நேராக மேலிடத்துக்குப் போகும் என்று அவருக்குத் தெரியாதா? "டோரீன், தப்பா எடுத்துக்காதீங்க. கோவத்துல வந்துடுச்சு. புகார் கிகார்னு..."

"புகார் இல்ல. பெட்டியில போட."

"எந்தப் பெட்டி?"

அவள் காப்பி இயந்திரம் இருந்த திசையில் கை காட்டினாள். ஒடாலிஸ்தான் முதலில் புரிந்துகொண்டாள். "ஐயோ," என்றாள். "உங்களுக்கு நாங்க ஒரு தடவைகூட..."

"பட்டம் வேண்டாம்னு நீங்கதான் இருக்கீங்கன்னு நெனச்சோம்," என்று ஃபெண்டன் முனகினார். பிறகு பேனாவை எடுத்தார். எழுதி, நான்காக மடித்து, தானே நடந்துபோய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். இடைவெளியை ஒன்றரை செகண்ட் என்று பேசி முடித்தார்கள்.

மூன்றரை மணிக்கு டோரீன் பெட்டியைத் தன் மேஜைக்குக் கொண்டுவந்தாள். கடைசியாக அந்தச் சீட்டைப் பிரித்தாள். பதற்றத்தில் மனுஷர் ஆங்கில 'comma'வில் ஓர் 'm'ஐ விழுங்கியிருந்தார். கமா, கோமா ஆகியிருந்தது. 'கோமா காட்டேரி பிக்கெட்.'

அவளுடைய விரல் பழக்கத்தில் விசைக்குப் போனது. பதினோரு வருஷமாக எத்தனை ஆயிரம் பிழையைத் திருத்திய விரல்! திருத்தினால் பட்டம் சரியாக இருக்கும், சிரிப்பும் வரும். ஆனால் அவள் கைபட்ட பிறகு அதில் பாதி அவளே வைத்துக்கொண்டதாகிவிடாதா? கோபத்தில் ஒருவன் தன்னைப் பார்த்திருக்கிறான். பயத்தில் பிழையோடு எழுதியிருக்கிறான். இரண்டும் சேர்ந்துதான் அவளுக்குக் கிடைத்தது. பத்து நிமிஷம் அந்தச் சீட்டைப் பார்த்தபடியே இருந்தாள். நாலு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது, இருந்ததை இருந்தபடியே அடித்து அனுப்பினாள்.

ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை அராக்சி வீட்டுச் சோபாவில் இருவரும் திராட்சை இலையில் சோறு பொதிந்த டோல்மாத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பேய் வேஷம் போட்ட பிள்ளைகள் வாசல் மணி அடித்தால் மிட்டாய் கொடுக்க மாட்டேன், என் சினேகிதி பெயர் வரும் நேரம் என்று அராக்சி கதவைத் தாழிட்டே விட்டாள். மூன்றாவது கதை தொடங்கியது. அராக்சி கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"எழுதியவர்... கோமா காட்டேரி பிக்கெட். கோமாவா? டோரீன் ஜான், உனக்கு உடம்புக்கு என்ன?" 'ஜான்' என்றால் அவள் பாஷையில் 'கண்ணே'.

"ஒண்ணுமில்ல. ஆபீஸ்ல வெச்ச பேரு."

"இதுவா பேரு? எந்தக் கடன்காரன் வெச்சான்? அவன் நாக்குல கொப்புளம் வர! நாளைக்கே போய் மாத்தச் சொல்லு."

"மாத்த முடியாது, அராக்சி ஜான்," என்றாள் டோரீன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவங்க வெச்சது."