சமதரையில் மலையேறிய விளக்கு

1

அவள் நலமாக இருக்கிறாள். கதையின் நடுவே அஞ்சத்தக்க இடம் ஒன்று வரும். அங்கே நான் அஞ்சியதுபோல நீங்களும் அஞ்ச வேண்டாம் என்று இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இக்கதை பிறந்தது ஒரு வினைச்சொல்லிலிருந்து. இன்னும் நேர்மையாகச் சொன்னால், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நான் அமர்ந்திருந்த அரைமணி நேரத்திலிருந்து. எழுதத் தொடங்கியபோது முதல் வரி இப்படி வந்தது:

‘மார்கழிப் பனி வயல்வெளியெங்கும் வெண்துகிலாய் விரிந்திருந்த வைகறையில், இருளின் மடிப்புகளை விலக்கிக்கொண்டு மூன்று விளக்குகள்—’

நிறுத்திவிட்டேன். வரி அழகாக இருந்தது, ஆனால் பொய். அன்று வியாழக்கிழமை, முற்பகல் பத்து மணி, சுள்ளென்ற வெயில். வெண்ணந்தூரில் அப்புசாமியின் இருசக்கர வண்டிப் பட்டறையில், என் வண்டியின் பின்சக்கரத்துக்கு ஒட்டுப் போடுவதற்காக மரப்பலகையில் காத்திருந்தேன். பனி பிறகு வரட்டும். முதலில் வந்தது சொல்தான்.

2

சாரதாமணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

[இது அவளுடைய உண்மைப் பெயர் அன்று. உண்மைப் பெயரைப் போட்டால் கோழிப்பண்ணையில் எல்லோரும் கேலி செய்வார்கள் என்று அவளே தடுத்துவிட்டாள். இந்தப் பெயரையும் அவளே தேர்ந்தாள்.]

நாற்பத்தைந்து வயது. நாமக்கல் சாலையில் உள்ள ஒரு பண்ணையில் கோழிகளுக்குத் தடுப்பூசி போடும் பெண்களுக்குத் தலைவி. வெயில் ஏறினால் கோழி தவிக்கும். ஆகவே விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். நாலரை மணிக்குப் பேருந்து கிடையாது. வண்டி இருந்தால்தான் வேலை. பனிக்காலத்துக்கு முகப்பு விளக்கு ஒன்று போதாதென்று, ஐப்பசியில் அப்புசாமிதான் அதன் கீழே இரண்டு துணைவிளக்குகளைப் பொருத்திக் கொடுத்திருந்தான். அன்றிலிருந்துதான் தொல்லை.

“அண்ணா, மறுபடியும் மலையேறிருச்சுங்க.”

“எதுங்க அம்மணி?”

“லைட்டுதான். மூணும் ஒண்ணாவே மலையேறிருச்சு. அப்பறம் வண்டி ஒரு குலுக்குக் குலுங்குச்சு, தானா வந்துக்கிச்சு.”

அப்புசாமியின் முகம் தெளிந்தது. “மலையேறறப்பவா? இத முந்தியே சொல்லக் கூடாதுங்களா? மலைன்னா வண்டி மெதுவாத்தான போகும். எஞ்சின் மெதுவாச் சுத்துனா கரண்டு பத்தாது. மூணு லைட்டும் சேந்து பேட்டரியக் குடிச்சுப்புடும். பேட்டரிய மாத்திக் குடுத்தர்றேன்.”

“என்னமோ பாத்துச் செய்யுங்க அண்ணா. இனியொருக்கா இப்படி ஆச்சுன்னா வண்டியே எடுக்கறதில்லைன்னு புள்ளகிட்ட வாக்குக் குடுத்துப்புட்டேன்.”

பேட்டரி மாறியது. “இனி மலைக்குப் போனா ரெண்டாவது கியர்லயே போங்க. எல்லாம் சரியாப் போயிரும்” என்றான் அப்புசாமி.

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு கைகூப்பினாள். “சரிங்க. ஞாயித்துக்கிழமையே போயிட்டு வந்தர்றேன்.”

பலகையில் இருந்த நான் சிரித்துவிட்டேன்.

“அய்யா எதுக்குச் சிரிக்கறீங்க?”

“ஒண்ணுமில்லைங்க” என்றேன்.

உங்களுக்கு முன்னமே விளங்கியிருக்கும். பூசை விளக்கை ‘அணைந்தது’ என்று சொல்லாத நாக்கு அவளுடையது. தீபம் குளிரும், அமரும், மலையேறும்; அணையாது. அந்த மரியாதையை அவள் வண்டி விளக்குக்கும் கொடுத்தாள். அவனோ, விளக்கு போவது மலைப்பாதையில் என்று கொண்டான். அவன் சொன்ன இரண்டாவது கியரை அவள் வேண்டுதலுக்கான வழி என்று கொண்டாள். ஒரே சொல்லில் இருவர் இரு திசையில் போனார்கள். பழம்பாக்களில் இத்தகைய இருபொருளைத் தேடித் தேடிச் சுவைத்தே நரைத்தவன் நான். தாளை எடுத்துக் குறித்துக்கொண்டேன். ஒரு பொருளை எடுத்துச் சொல்லியிருந்தால் போதும். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

3

இப்போது அவள் வீட்டுக்குள் செல்ல வேண்டும். நான் அங்கே இருந்ததில்லை. பின்னர் அவள் சொன்னதைக் கொண்டு எழுதுகிறேன்.

பட்டறைக்கு வந்ததற்கு முந்தின நாள் விடியலில் வாய்க்கால் பாலத்தருகே, பனிக்குள், மூன்று விளக்குகளும் ஒருசேரப் போயின. சாரதாமணி இரு கால்களையும் தரையில் ஊன்றி வண்டியை நிறுத்தினாள். முட்டை லாரி ஒன்று அவள் முழங்கையை உரசிக் கடந்தது. சீலையில் கிழிந்த இடத்தை மகள் நிலா கண்டுபிடித்தாள். நிலா கல்லூரி இறுதியாண்டு. வீட்டில் வழக்கு மன்றமும் அவளே.

“இன்னொருக்கா நடுவழில லைட்டு அணைஞ்சா, நீ வண்டியத் தொடக் கூடாது. சாமி முன்னால சத்தியம் பண்ணு.”

“வாயிலயே போடுவேன். வெளக்கு வெச்ச நேரத்துல அந்த வார்த்தையச் சொல்லுவாங்களா?”

“பண்ணும்மா.”

பண்ணினாள். மகளின் பயம் நியாயந்தான். ஆனால் வண்டியை விட்டால் வேலை போகும். வேலை போனால் வீட்டில் காலைப்பொழுது முழுவதும் என்ன செய்வது என்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஊசிக் குழாயும், கையில் அடங்கும் கோழியின் சூடும், கூட இருக்கும் நான்கு பெண்களின் வாயாடலும் அவளுக்குச் சோறு மட்டும் அல்ல—

[இந்த வரியை முடிக்க முயன்றேன். முடித்தால் மேடைப் பேச்சாகிறது. அப்படியே விட்டுவிடுகிறேன்.]

4

சனிக்கிழமை. எழுத உட்கார்ந்தேன். கதைக்கு ஒரு முடிவு வேண்டுமே.

முதல் முடிவு: ‘விடியுமுன் இருட்டில் போய்க்கொண்டிருந்தபோது மூன்று விளக்குகளும் ஒருசேர மலையேறின. எதிரே—’

எழுதுகோல் நின்றது. எதிரே என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அவள் முழங்கைக்கு அது முன்னமே தெரியும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். இதுவரை கற்பனை என்று எண்ணி எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் இது நான் அறிந்தே சரிசெய்யாமல் விட்டுவந்த பழுது. புதிய பேட்டரி போட்டதால் அது போயிராது. வியாழன் கழிந்து இரண்டு வைகறைகள் போய்விட்டன. பட்டறைக்குத் தொலைபேசினேன், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அன்று மாலை நான் பாடும் பதிகத்தில் ஒளி என்று வந்த இடத்திலெல்லாம் குரல் தடுக்கியது.

இரண்டாம் முடிவு: நான் அவள் வீட்டைத் தேடி ஓடுகிறேன், சொல்லின் பொருளை விளக்குகிறேன், அவள் கண்ணீர் மல்க நன்றி சொல்கிறாள். இந்த முடிவில் நான் மிகவும் நல்லவன். அதனாலேயே அடித்துவிட்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமை அவள் கொல்லிமலை ஏறினாள். பின்னிருக்கையில் நிலா.

“எதுக்கும்மா இப்ப மலை?”

“அப்புசாமி அண்ணன் போகச் சொல்லிச்சு. மெக்கானிக்கே சொன்னா சும்மாவா இருக்கும்?”

அடிவாரத்துக் காரவள்ளியைக் கடந்து வளைவுகள் தொடங்கின. இரண்டாவது கியர். எழுபது கொண்டையூசி வளைவுகளையும் நிலா எண்ணினாள். பகலிலும் மூன்று விளக்குகளையும் எரியவிட்டுத்தான் சாரதாமணி ஓட்டினாள். பாறைச் சுவரின் நிழலில் அவற்றின் வெளிச்சம் ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை. மலைமேல் கோயிலில் கற்பூரம் ஏற்றினாள். இறங்கினாள். மனம் நிறைந்திருந்தது.

அந்தி மயங்கும் நேரம், தேர் ஓடலாம் போன்ற சமதரை. வெண்ணந்தூருக்குத் திரும்பும் இடத்தில் மட்டும் சாலை சற்றுக் குண்டும் குழியுமாக இருக்கும். அங்கே மூன்றும் போயின.

வண்டி நின்றது. இருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. நிலா இறங்கினாள்; கைப்பிடியை வாங்கி வண்டியைத் தானே தள்ளத் தொடங்கினாள். அதுதான் சாரதாமணியைச் சுட்டது. வாக்கின்படி இனி அவள் வண்டியைத் தொடக் கூடாது.

6

திங்கட்கிழமை பட்டறை திறக்குமுன் நான் போய் நின்றேன். அப்புசாமி கதவைத் தூக்கவும் தாயும் மகளும் வண்டியோடு வந்து சேரவும் சரியாக இருந்தது. அவளை முழுதாகக் கண்டதும் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். நான் வாய் திறப்பதற்குள் அவளே தொடங்கினாள்.

“மலைக்குப் போயிட்டு வந்தனுங்க அண்ணா. எழுவது வளைவும் ரெண்டாவது கியருதான். அங்க மலையேறவே இல்லீங்க. கீழ எறங்கி, சமதரைக்கு வந்து, ஊருக்குப் பக்கத்துலதான் மலையேறிருச்சு.”

அப்புசாமி தலையைச் சொறிந்தான். “சமதரையில எப்படிங்க மலையேறும்?”

“ஏனுங்க, உங்கூட்டுச் சாமி வெளக்கு எந்த மலைல ஏறுதாமா?”

அப்புசாமி நெற்றியில் அடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துச் சிரித்தான். “லைட்டு ஆஃப் ஆச்சுன்னா சொன்னீங்க! நான் கொல்லிமலையப் புடிச்சுத் தொங்கிட்டிருந்தேன்!”

“அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுதுங்க” என்றேன். “சொல்லாம உக்காந்துட்டேன்.”

“புரிஞ்சுதுங்களா? அப்பறம் எதுக்குங்க வாய மூடிட்டிருந்தீங்க?”

“வார்த்தை நல்லா இருந்துச்சு.”

“நல்லா இருந்துச்சாமா! பாருங்க அம்மணி, அய்யா வார்த்தைய ரசிச்சு முடிக்கறதுக்குள்ள நீங்க மலைக்கே போயிட்டு வந்துட்டீங்க.”

சாரதாமணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “உடுங்கண்ணா. இவரு சும்மா இருந்ததுல எனக்கொரு சாமி தரிசனம்.”

மன்னிப்பு இவ்வளவு எளிதில் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கதையில் இதை நானே எழுதியிருந்தால் நீங்கள் நம்பியிருக்கமாட்டீர்கள்.

இப்போது வேலை முறையாக நடந்தது. அப்புசாமி டேங்கைக் கழற்றினான். பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போகும் மின்சாரம், வண்டியின் இரும்புச் சட்டம் வழியே திரும்பி வர வேண்டும். அந்தத் திரும்பும் வழிக்குப் பட்டறை மொழியில் எர்த்து என்று பெயர். [நிலம் என்று பொருள். கால் ஊன்ற நிலம் இல்லாமல் ஒளியும் நில்லாது போலும். இதைப் பாட்டாக்கும் ஆசையை அடக்கிக்கொள்கிறேன். ஒருமுறை பட்டது போதும்.] துணைவிளக்குகளைப் பொருத்தியபோது மூன்றின் எர்த்துக் கம்பிகளையும் சட்டத்தின் கழுத்தில் உள்ள ஒரே போல்ட்டில் அவன் முறுக்கியிருந்தான். அதைக் கழற்றினான். வளையத்துக்கும் இரும்புக்கும் இடையே மஞ்சளும் சிவப்புமாய் ஒரு பொருக்கு.

“என்னுங்க இது, துருவா?” என்றாள் நிலா. அன்று அவள் பேசிய முதற்சொல்.

அப்புசாமி தலை கவிழ்ந்தான். “துரு இல்ல கண்ணு. ஆயுத பூசைக்கு உங்கம்மா வெச்ச சந்தனப் பொட்டு. கம்பிய மாட்டறப்பவே பாத்தேன். உப்புத்தாள் போட்டுச் சொரண்டோணும். பொட்டாச்சேன்னு மனசு வரல. அதும் மேலயே வெச்சு முறுக்கிப்புட்டேன்.”

சாலை சமமாக இருந்தால் கம்பி எப்படியோ இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். குழியில் வண்டி அதிர்ந்தால் சந்தனத்தின் மேல் ஏறி நிற்கும். மலையில் அவள் பூப்போல ஓட்டினாள், அதனால் பிழைத்தது.

“தாளக் கொண்டாங்க” என்றாள் சாரதாமணி. “நான் வெச்ச பொட்டு, நானே தொடைக்கறேன். சாமி கோச்சுக்காது.”

தேய்த்தாள். உள்ளே இரும்பு வெள்ளிபோல மின்னியது. அப்புசாமி கம்பிகளை முறுக்கி முடித்ததும், தன் நெற்றியிலிருந்தே குங்குமம் தொட்டுப் போல்ட்டின் தலைமேல் வைத்தாள்.

“இங்க இருக்கலாமுங்களா?”

“இங்க எத்தன வேணாலும் வைங்க அம்மணி!”

7

சாவியைத் திருப்பினார்கள். மூன்று விளக்குகளும் எரிந்தன. ஆரன் அடித்தார்கள். கைப்பிடியை இருபுறமும் திருப்பினார்கள். முன்சக்கரத்தைச் செங்கல்லின்மேல் ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். ஒளி அசையவில்லை.

நிலா மட்டும் கைகட்டி நின்றாள். “எல்லாம் சரிம்மா. வாக்குன்னா வாக்குத்தான். நேத்து போச்சா இல்லையா?”

சாரதாமணி முந்தானையில் கையைத் துடைத்தாள். “நீ என்ன சொல்லிச் சத்தியம் வாங்குன?”

“லைட்டு அணைஞ்சா வண்டியத் தொடக் கூடாதுன்னு.”

“அது அணையலையே சாமி. மலையேறுச்சு.”

அப்புசாமி வாயைப் பொத்திக்கொண்டான். நான் இந்த முறை சிரிக்கவில்லை. ஒரு சொல்லின்மேல் ஒருத்தியின் வேலை நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிலா வண்டியருகே வந்தாள். எரியும் மூன்று விளக்குகளையும் பார்த்தாள். சாவியின்மேல் கையை வைத்தாள்.

“சரி, இப்ப நான் இதத் திருப்பறேன். இது அணையறதா, மலையேறறதா? அதையுஞ் சொல்லிப்புடு.”

தாய் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும், அருகில்தான் இருந்தேன். ஆனால் தெரிந்ததை எப்போது சொல்வது, எப்போது சொல்லாதிருப்பது என்பதில் நான் ஏற்கெனவே ஒருமுறை தவறியவன். இம்முறை சொல்லாதிருப்பதால் எவருக்கும் தீங்கில்லை. ஆகவே விடை உங்களுடையது, வாசகரே. நிலாவின் விரல் சாவியில் இருக்கிறது, விளக்குகள் எரிகின்றன. நீங்கள் பக்கத்தை மூடலாம். எவரேனும் கேட்டால், கதை முடிந்தது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதற்கு வேறு சொல் இருக்கிறது.