பார்த்தாச்சு

பதினைந்து நிமிடத்துக்குள் நோயாளியை டாக்டர் பார்த்தாக வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து பதிவு மேசை அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதினான்காவது நிமிடம் கணினியில் டோக்கன் எண் சிவக்கும். உடனே ‘பார்த்தாச்சு’ பொத்தானை அழுத்திவிடுவாள். சிவப்பும் மறையும், மேலாளர் வாயும் மூடும். டாக்டரின் கணினி வரிசையிலிருந்தும் மறைந்துவிடும் அந்த எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதி அவருக்கு அனுப்புவாள்.

இன்று அவள் தம்பியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவள் ஒரு கண் அவன்மேல், ஒரு கண் சிவப்பின்மேல். பின்னால் வந்தவர்களெல்லாம் உள்ளே போய்த் திரும்பினார்கள். பொறுக்கமாட்டாமல் டாக்டர் அறைக்கு ஓடினாள்.

“என் தம்பிய எப்ப சார் கூப்பிடுவீங்க? டோக்கன் நாப்பத்தொண்ணு.”

டாக்டர் கணினியைப் பார்த்தார்.

“பார்த்தாச்சுன்னு போட்டிருக்கீங்களேம்மா. சீட்டும் வரல.”